விமான வழிகாட்டலைக் கற்க எந்த சிமுலேட்டர்? நிஜக் காக்பிட்டோடு வைத்து ஓர் ஒப்பீடு

விமானத்துக்குத் தான் இருக்கும் இடம் நிச்சயமாகத் தெரியாது. சிமுலேட்டருக்குத் தெரியும். பயணிகள் விமானத்தின் நேவிகேஷன் கருவிகளுக்கும் வீட்டுக் கணினியில் ஓடும் அவற்றின் நகலுக்கும் உள்ள வேறுபாடுகள் பெரும்பாலும் இந்த ஓர் இடத்திலிருந்தே கிளைக்கின்றன.

ஏர்பஸ் ஏ320-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் தன் அசைவை அளந்தே இடத்தைக் கணிக்கும் ஐஆர்எஸ் அலகுகள் மூன்று, ஜிபிஎஸ் ரிசீவர்கள் இரண்டு, தரை நிலையத்திலிருந்து திசையைச் சொல்லும் விஓஆர் இரண்டு, தூரத்தைச் சொல்லும் டிஎம்இ இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னளவில் கொஞ்சம் தவறான பதிலைத் தரும். எஃப்எம்ஜிசி என்ற இரண்டு வழிகாட்டல் கணினிகளும் அவற்றைக் கலந்து 'இங்கேதான் இருக்கிறோம்' என்று ஒரு முடிவுக்கு வருகின்றன. ஜிபிஎஸ் நன்றாக இருந்தால் அதற்கு முதலிடம். அது போனால் இரண்டு டிஎம்இ நிலையங்களின் தூரங்கள், அதுவும் இல்லையென்றால் ஒரே நிலையத்தின் விஓஆரும் டிஎம்இயும், எதுவுமே இல்லாத கடல் நடுவில் ஐஆர்எஸ் மட்டும். அந்த முடிவு எவ்வளவு தவறாக இருக்கக்கூடும் என்பதையும் கணினி கடல்மைலில் சொல்லும். போயிங்கில் அந்த எண்ணின் பெயர் ஏஎன்பி. அது, அந்தப் பாதைக்கு அனுமதிக்கப்பட்ட பிழை அளவான ஆர்என்பியைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்.

சிமுலேட்டரில் இது தலைகீழ். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரோ எக்ஸ்-பிளேனோ, விமானத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் துல்லியமான எண்களாக நினைவகத்தில் வைத்திருக்கிறது. சிமுலேட்டரில் தனியாகச் சேர்க்கும் ஆட்-ஆன் விமானம் கேட்டால் அந்த எண் அப்படியே கிடைக்கும். வரைபடத்தில் சின்னத்தைச் சரியான இடத்தில் வைக்க வேறு எதுவும் தேவையில்லை. ஆகவே ஒரு சிமுலேட்டர் விமானத்தின் நேவிகேஷன் தரத்தை அளக்க நல்ல கேள்வி இதுதான்: சரியான விடை கையில் இருந்தும், அதைப் பார்க்காமல், நிஜக் கருவிகளைப் போலக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் வேலையை இது எவ்வளவு நேர்மையாகச் செய்கிறது?

திரை அழகும் பொத்தான்களின் எண்ணிக்கையும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு.

கையில் உள்ள வழிகள்

வீட்டில் உட்கார்ந்து கற்க விரும்புபவருக்கு நான்கு வழிகள் உண்டு. சிமுலேட்டரோடு வரும் விமானங்கள் முதலாவது. இரண்டாவது, காசில்லாமல் கிடைக்கும் ஆழமான ஆட்-ஆன்கள்: மைக்ரோசாஃப்டுக்கு ஃப்ளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ், எக்ஸ்-பிளேனுக்கு ஸிபோ 737-800. மூன்றாவது, விலை கொடுத்து வாங்குபவை: பிஎம்டிஜி 737, ஃபெனிக்ஸ் ஏ320, எக்ஸ்-பிளேனில் டோலிஸ் ஏர்பஸ்கள். நான்காவது வழி பலருக்குத் தோன்றுவதில்லை: வழித்திட்டக் கணினியான எஃப்எம்சி (ஏர்பஸ்ஸின் எஃப்எம்ஜிசி இதன் வகை) வருவதற்கு முந்தைய தலைமுறை விமானம். எக்ஸ்-பிளேனுக்கான ஃபெலிஸ் 747-200 இதற்கு நல்ல உதாரணம். அதில் வழிப்புள்ளிகளை ஆயத்தொலைவுகளாக நீங்களே எண் எண்ணாகத் தட்ட வேண்டிய கேரசல் ஐஎன்எஸ், அதாவது ஐஆர்எஸ்ஸின் முன்னோடி, இருக்கிறது. ஒரே நேரத்தில் ஒன்பது புள்ளிகள்தான் கொள்ளும்.

விமான நிறுவனங்களின் பயிற்சி மையங்களில் உள்ள முழு அசைவு சிமுலேட்டர் இந்த நான்கிலும் சேராது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஐஆர்எஸ்: நகல்கள் அதிகம் ஏமாற்றும் இடம்

நிஜ ஐஆர்எஸ் பெட்டிக்குள் மூன்று லேசர் கைரோக்களும் மூன்று முடுக்கமானிகளும் இருக்கின்றன. தரையில் அசையாமல் நிற்கும்போது பெட்டி இரண்டு விஷயங்களை உணர்கிறது: புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது, பூமி எந்தப் பக்கம் சுழல்கிறது. பூமியின் சுழற்சி மணிக்கு 15.04 பாகை. சென்னை போல 13 பாகை அட்சத்தில் அதன் கிடைமட்டக் கூறு மணிக்கு சுமார் 14.65 பாகை. அந்தத் திசைதான் உண்மையான வடக்கு. துருவத்தை நெருங்க நெருங்க இந்தக் கூறு சுருங்கிவிடும். அதனால்தான் சில அலகுகளில் சீரமைப்பு, அதாவது அலைன்மென்ட், நிலநடுக்கோட்டுப் பகுதியில் 5 நிமிடத்திலும் உயர் அட்சங்களில் 17 நிமிடத்திலும் முடிகிறது. நடுத்தர அட்சங்களுக்கு 10 நிமிடம் என்று நினைவில் வைத்தால் போதும்.

சுழற்சியை அளந்தே பெட்டி தன் அட்சரேகையையும் கணித்துவிடும். தீர்க்கரேகையை மட்டும் அதனால் எந்த வகையிலும் உணர முடியாது, ஏனென்றால் ஒரே அட்சத்தில் எங்கே நின்றாலும் பூமியின் சுழற்சி ஒரே மாதிரிதான் தெரியும். அதை விமானியோ ஜிபிஎஸ்ஸோ சொல்லியாக வேண்டும். இங்கே நேரும் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2015 மார்ச் 10 அன்று சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட ஏர்ஏஷியா எக்ஸ் ஏ330 சான்று. தீர்க்கரேகையை 15109.8 கிழக்கு என்று தட்ட வேண்டிய இடத்தில் 01519.8 என்று உள்ளே போனது. 151 பாகை 15 பாகையானது; பிழை 11,000 கிலோமீட்டருக்கு மேல். வந்த அறிகுறிகளை விமானிகள் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. விமானம் மேலேறியதும் பக்கத்து ஓடுபாதையின் புறப்பாட்டுப் பாதைக்குள் திரும்பியது. கடைசியில் மெல்போர்னில் தரையிறங்கியது. இத்தகைய தட்டச்சுப் பிழையைத் தடுக்கும் புதிய மென்பொருள் அந்த விமானத்தில் பொருத்தப்பட்டிருக்கவில்லை என்று ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை சொல்கிறது.

இதுவே உங்கள் முதல் சோதனை. ஆட்-ஆனில் சீரமைப்பின்போது வேண்டுமென்றே தவறான இடத்தைக் கொடுங்கள். அட்சரேகையைத் தவறாகக் கொடுத்தால் பெட்டி சண்டை போட வேண்டும்: எச்சரிக்கை விளக்கோ, மறுபடி இடத்தைக் கேட்கும் செய்தியோ வர வேண்டும். தீர்க்கரேகையை மட்டும் தவறாகக் கொடுத்தால் விமானத்தின் வகையையும் மென்பொருள் தலைமுறையையும் பொறுத்து அது ஏமாறலாம், அல்லது ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். இரண்டுமே நியாயம். நீங்கள் எதைத் தட்டினாலும் வரைபடம் விமான நிலையத்தின் சரியான வாசலிலேயே (கேட்) சின்னத்தை வைத்திருந்தால், அந்த ஐஆர்எஸ் வெறும் கவுண்ட்டவுன் கடிகாரம். சிமுலேட்டரோடு வரும் விமானங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

இரண்டாவது சோதனை இன்னும் எளிது. சீரமைப்பு பாதி ஓடும்போது, விமானத்தை வாசலிலிருந்து பின்னுக்குத் தள்ளும் புஷ்பேக்கைத் தொடங்குங்கள். நிஜத்தில் அசைவு தெரிந்தவுடன் சீரமைப்பு கெட்டுவிடும். விமானம் நின்ற பிறகுதான் மறுபடி தொடங்கும். ஆட்-ஆன் அமைப்புகளில் 'உடனடி சீரமைப்பு' இயக்கப்பட்டிருந்தால் முதலில் அதை நிஜ நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். பலர் இதைக் கவனிக்காமல் ஆட்-ஆனைக் குறை சொல்கிறார்கள்.

மூன்றாவதற்குப் பொறுமை வேண்டும். ஐஆர்எஸ் பறக்கும்போது முடுக்கத்தைத் தொகையிட்டு வேகத்தையும், வேகத்தைத் தொகையிட்டு இடத்தையும் பெறுகிறது. சிறு பிழையும் இப்படிக் குவிந்துகொண்டே போகும். அனுமதிக்கப்பட்ட விலகல் மணிக்குச் சுமார் 2 கடல்மைல். அது நேர்கோட்டில் வளராது, 84.4 நிமிடச் சுற்றில் ஏறி இறங்கி ஊசலாடியபடி வளரும். ஷூலர் ஊசல் என்பது இதன் பெயர். ஏ320-இல் பொசிஷன் மானிட்டர் பக்கத்தைத் திறந்தால் மூன்று ஐஆர்எஸ்களும் மூன்று வேறு விலகல்களைக் காட்டும். நான்கைந்து மணி நேரப் பறப்புக்குப் பின் வாசலில் நிறுத்தியதும் ஐஆர்எஸ் சொல்லும் தரைவேகத்தைப் பாருங்கள். சக்கரம் அசையாமல் நிற்கும்போதும் அது ஒன்றிரண்டு நாட் காட்டுவது நிஜத்தில் சாதாரணம். மூன்று ஐஆர்எஸ்ஸும் கடைசி இலக்கம் வரை ஒரே இடத்தைக் காட்டி, தரைவேகமும் பூஜ்யமாக இருந்தால், மூன்று பெட்டிகளுக்கும் பின்னால் ஒரே எண்தான் இருக்கிறது.

ரேடியோ

விஓஆர் 108.00 முதல் 117.95 மெகாஹெர்ட்ஸ் வரை, டிஎம்இ 960 முதல் 1215 வரை. இந்த அலைகள் நேர்கோட்டில் போகும். மலைக்குப் பின்னால் போகாது. பல சிமுலேட்டர்கள் நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு 'உள்ளே இருந்தால் கேட்கும்' என்று முடித்துக்கொள்கின்றன. மலைப்பகுதியில் தாழ்வாகப் பறந்து பழகுபவருக்கு இது தவறான நம்பிக்கையைத் தரும். பயணிகள் விமானத்தின் உயரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

டிஎம்இ தரும் தூரம் சாய்ந்த தூரம் என்பது எல்லா நல்ல ஆட்-ஆன்களிலும் சரியாகவே இருக்கும். 36,000 அடியில் நிலையத்துக்கு நேர் மேலே கடந்தால் கருவி 5.9 கடல்மைல் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் அந்த விமானத்தை அழித்துவிடலாம்.

இரண்டு டிஎம்இக்களை வைத்து இடம் கணிப்பதில் ஒரு வடிவியல் நிபந்தனை உண்டு. விமானத்திலிருந்து இரண்டு நிலையங்களும் தெரியும் கோணம் 30 பாகைக்கும் 150 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே திசையில் இருந்தால் இரண்டு வட்டங்களும் மிகச் சாய்வாக வெட்டும். தூரத்தில் சிறு பிழை, இடத்தில் பெரும் பிழையாகிவிடும். எஃப்எம்சி பின்னணியில் நிலையங்களை மாற்றி மாற்றி ட்யூன் செய்வது இதற்காகத்தான். ஆட்-ஆன் இதை உண்மையிலேயே செய்கிறதா என்று பார்க்க ஜிபிஎஸ்ஸை ஒதுக்க வேண்டும். ஏ320-இல் பொசிஷன் மானிட்டர் வழியாக செலக்டட் நாவெய்ட்ஸ் பக்கத்துக்குப் போனால் ஜிபிஎஸ்ஸை விலக்கும் கட்டளை இருக்கும். 737-இல் நேவ் ஸ்டேட்டஸ் பக்கத்தை அடுத்த நேவ் ஆப்ஷன்ஸில் ஜிபிஎஸ் அப்டேட்டை ஆஃப் செய்யலாம். செய்த பிறகு கணினி சொல்லும் பிழை எண் மெல்ல ஏற வேண்டும். நிலையங்கள் நிறைந்த ஐரோப்பாவில் அது கொஞ்சம் ஏறி நின்றுவிடும். வங்காள விரிகுடாவின் நடுவில் ஏறிக்கொண்டே போகும். கட்டளையே இல்லாவிட்டாலும், இருந்தும் எண் அசையாவிட்டாலும், அந்த விமானத்தில் நேவிகேஷன் கலவை இல்லை.

ஓடுபாதையில் இறங்க ரேடியோ கற்றைகளால் வழிகாட்டும் ஐஎல்எஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் இறங்கு கோணத்தைக் காட்டும் கிளைட்ஸ்லோப், சிமுலேட்டரில் பெரும்பாலும் கோடு போட்டது போல ஒரே கற்றை. நிஜ ஆன்டெனா 3 பாகைக் கற்றையோடு நிற்காது. ஏறக்குறைய 9 பாகையில் பொய்க் கற்றையையும் உருவாக்குகிறது. அங்கே ஊசி தலைகீழாக வேலை செய்யக்கூடும். 2013 மே 31 அன்று நெதர்லாந்தின் ஐந்தோவனில் இறங்க வந்த ஒரு போயிங் 737, மேலிருந்து இறங்கும்போது இந்தப் பொய்க் கற்றையைப் பிடித்தது. ஆட்டோபைலட் மூக்கைத் திடீரென்று மேலே தூக்கியது, வேகம் சரிந்தது. கிளைட்ஸ்லோப்பை மேலிருந்து பிடிக்கும் பழக்கம் வீட்டில் எந்தத் தண்டனையும் இல்லாமல் வளர்ந்துவிடும் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடுபாதைக்கு உள்ள தூரத்தைக் கடல்மைலில் எடுத்து 300-ஆல் பெருக்குங்கள். ஓடுபாதைக்கு மேல் ஏறக்குறைய அத்தனை அடியில் நீங்கள் இருக்க வேண்டும். ஊசி நடுவில் இருந்தும் கணக்கு ஒத்துவராவிட்டால் ஊசியை நம்பாதீர்கள்.

தரவுத்தளம்: நகல் கிட்டத்தட்ட நிஜமாகும் இடம்

உணரிகளில் தோற்கும் வீட்டு சிமுலேட்டர், தரவுத்தளத்தில் நிஜத்தோடு தோள் கொடுத்து நிற்கிறது. நிஜ எஃப்எம்சி படிக்கும் வழிப்புள்ளிகளும் வழித்தடங்களும் ஏரிங்க் 424 என்ற வடிவில் எழுதப்பட்டு, 28 நாளுக்கு ஒருமுறை ஏஐராக் சுழற்சியாகப் புதுப்பிக்கப்படுகின்றன. 2601 என்றால் 2026-இன் முதல் சுழற்சி. அது நடைமுறைக்கு வந்த நாள் ஜனவரி 22. விமானத்தில் இரண்டு சுழற்சிகள் இருக்கும், நடப்பதும் அடுத்ததும். மாற்றும் வேலையைத் தரையில், வழித்திட்டம் போடுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். ஏ320-இல் சுழற்சியை மாற்றினால் போட்டு வைத்த வழித்திட்டம் முழுக்க அழிந்துவிடும். நல்ல ஆட்-ஆன்களிலும் அழியும்.

சிமுலேட்டர்களுக்குத் தரவு விற்கும் நேவிகிராஃபின் சந்தாவில் கிடைப்பதன் மூலம் ஜெப்பசன் நிறுவனம். நிஜ விமான நிறுவனங்கள் பலவும் அதே நிறுவனத்தின் தரவைத்தான் பயன்படுத்துகின்றன. மைக்ரோசாஃப்ட் 2020 பதிப்போடு வருவது ஏர்பஸ் குழுமத்தின் நேவ்ப்ளூ தரவு. ஆகவே தரவால் ஏற்படும் பிழைகளையும் குழப்பங்களையும் கிட்டத்தட்ட அப்படியே வீட்டில் அனுபவிக்கலாம்.

அத்தகைய குழப்பங்களில் மிகக் கொடியது 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலியில் நடந்தது. இறங்கும் வழியில் இருந்த ரோஸோ நிலையத்தின் அடையாளம் வரைபடத்தில் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து. விமானி எஃப்எம்சியில் 'ஆர்' என்று தட்டினார். பட்டியலில் முதலில் வந்தது பொகோட்டா அருகே, 130 மைலுக்கு அப்பால் இருந்த ரோமியோ. ரோஸோ அந்தத் தரவில் முழுப் பெயரால் மட்டுமே சேமிக்கப்பட்டிருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 757 இருட்டில் இடப்பக்கம் திரும்பி மலையில் மோதியது. மாற்றத்தை உறுதிசெய்யும் எக்ஸிக்யூட் பொத்தானை அழுத்துவதற்கு முன், வரைபடத்தில் புதிய கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கும் ஒழுக்கத்தை எந்த நல்ல ஆட்-ஆனிலும் இன்றே பழகலாம். ஒரே பெயரில் பல புள்ளிகள் உள்ள ஒன்றைத் தட்டுங்கள். தூர வரிசையில் பட்டியல் வர வேண்டும். பட்டியலே காட்டாமல் ஒன்றைத் தானாக எடுத்துக்கொள்ளும் விமானம் இந்தப் பயிற்சிக்கு ஆகாது.

அடுத்து, பாதைத் துண்டுகள். தரவில் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டெழுத்துக் குறி உண்டு, 23 வகை. டிஎஃப் என்றால் ஒரு புள்ளிக்கு நேர்ப்பாதை. ஆர்எஃப் என்றால் நிலையான ஆரத்தில் வளைவு. சிஏ என்றால் இந்தத் திசையில் இந்த உயரம் வரும்வரை போ. உயரம் எங்கே வரும் என்பது எடையையும் காற்றையும் பொறுத்தது, அதனால் அந்தத் துண்டின் முடிவு வரைபடத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். விஎம் என்றால் இந்தத் திசையிலேயே போய்க்கொண்டிரு, கட்டுப்பாட்டாளர் சொல்லும்வரை. அதற்குப் பின் வழித்திட்டத்தில் ஒரு இடைவெளி இருக்கும், அது இருக்கவே வேண்டும். எளிய விமானங்கள் புள்ளியோடு புள்ளியை இணைப்பதை நன்றாகச் செய்து, சிஏயிலும் விஎம்மிலும் தடுமாறும். இடைவெளியைத் தானாக மூடிவிடும், அல்லது பின்னால் போன புள்ளியை நோக்கி வட்டமடிக்கும். ஒரு எஸ்ஐடியின், அதாவது வரையறுத்த புறப்பாட்டுப் பாதையின், முதல் திருப்பத்தைப் பார்த்தாலே விமானத்தின் தரம் தெரிந்துவிடும். காசு கொடுத்து வாங்கும் ஆட்-ஆன்கள் தங்கள் விலையை நியாயப்படுத்துவது பெரும்பாலும் இங்கேதான். இலவச ஃப்ளைபைவயரும் ஸிபோவும் அவற்றுக்கு அதிகம் பின்தங்கவில்லை என்பது ஆச்சரியமான உண்மை.

வீட்டுப் பயனாளர்கள் அதிகம் சிக்கும் கோளாறும் இங்கேயே இருக்கிறது. பிஎம்டிஜியும் ஃபெனிக்ஸும் சொந்தத் தரவுக் கோப்பை வைத்திருக்கின்றன. ஐஎல்எஸ் அலையை 'ஒலிபரப்புவது' சிமுலேட்டரின் தரவு. ஓடுபாதையை வரைவது விமான நிலையக் காட்சி. மூன்றும் மூன்று வேறு காலத்தவையாக இருந்தால் எஃப்எம்சியின் திரையும் விசைப்பலகையுமான எம்சிடியூவில் வரும் அலைவரிசையில் எந்த நிலையமும் பேசாது, அல்லது ஐஎல்எஸ்ஸில் பக்கவாட்டு வழிகாட்டும் லோகலைசர் உங்களை ஓடுபாதையின் ஓரத்துக்கு இழுக்கும். ஓடுபாதை எண்ணே மாறியிருக்கலாம்: பூமியின் காந்த வடக்கு நகர நகர, நிலையங்கள் தங்கள் ஓடுபாதைகளுக்கு மறுஎண் இடுகின்றன. மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸில் காந்த விலகல் அட்டவணை பல ஆண்டு பின்தங்கியிருந்ததால் ஐஎல்எஸ் பாதைத் திசைகள் நிஜ வரைபடத்தோடு ஒத்துவராமல் போனது இதே இனம். கோளாறு வந்தால் முதலில் எம்சிடியூவில் தரவின் சுழற்சி எண்ணைப் பாருங்கள். அடுத்து சிமுலேட்டரின் சொந்த வரைபடத்தில் அந்த ஐஎல்எஸ்ஸின் அலைவரிசையைப் பாருங்கள். கடைசியாக, நீங்கள் நிறுவிய விமான நிலையக் காட்சியை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். பெரும்பாலும் குற்றவாளி இந்த மூன்றில் ஒன்று.

ஃப்ளைபைவயர் சிமுலேட்டரின் தரவையே எடுத்துக்கொள்கிறது. தொடக்கக்காரருக்கு இது பெரிய நன்மை. இரண்டு அடுக்காவது எப்போதும் ஒரே காலத்தில் இருக்கும். பாதியைப் புதுப்பித்த தரவைவிட முழுதும் ஒரே மூலத்திலிருந்து வந்த பழைய தரவு மேல். சந்தா எடுக்கும் பணத்தை முதல் சில மாதங்களுக்குத் தள்ளிப்போடலாம்.

ஜிபிஎஸ் பொய் சொன்னால்

2023 செப்டம்பரிலிருந்து ஈராக் வான்வெளியில் விமானங்களுக்குப் போலி ஜிபிஎஸ் அலைகள் வரத் தொடங்கின. அலை தடைபடுவதைவிட இது ஆபத்து, ஏனென்றால் ரிசீவர் திருப்தியோடு தவறான இடத்தைச் சொல்கிறது. ஐஆர்எஸ்ஸையும் ஜிபிஎஸ்ஸையும் கலக்கும் அமைப்புகளில் போலி அலை ஐஆர்எஸ் கலவையையும் தன்னோடு இழுத்துப் போனது. கடிகாரம் மாறியது. நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவி 30,000 அடிக்கு மேலே 'மேலே ஏறு' என்று கத்தியது. சில விமானிகள் திசை கேட்டுக் கட்டுப்பாட்டு நிலையத்தை அழைக்க வேண்டியிருந்தது.

இன்றைய விமானிக்கு மிகவும் வேண்டிய பயிற்சி இது. வீட்டு சிமுலேட்டர்கள் பின்தங்கியிருக்கும் இடமும் இதுவே. பெரும்பாலானவற்றில் போலி ஜிபிஎஸ்ஸை உருவாக்கும் வசதி இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை வீட்டிலேயே வளர்க்கலாம். பறக்கும் வழியில் ஒரு விஓஆர்-டிஎம்இயைக் கையால் ட்யூன் செய்யுங்கள். எம்சிடியூவின் ப்ராக்ரஸ் பக்கத்தில் அதே நிலையத்தின் அடையாளத்தைத் தட்டினால் எஃப்எம்ஜிசி கணக்கிட்ட திசையும் தூரமும் வரும். நிலையத்திலிருந்து நேராக வந்து திரையில் தெரியும் கச்சா எண்ணோடு ஒப்பிடுங்கள். உயரப் பறப்பில் 3 கடல்மைலுக்குள் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் வரைபடத்தை நம்பாமல் கச்சாத் தரவில் பற. நிஜ ஏர்பஸ் நடைமுறையும் இதுதான்.

பயிற்சி மையத்தின் சிமுலேட்டர்

லெவல் டி என்ற மிக உயர்ந்த தரத்துக்குச் சான்றளிக்கப்பட்ட முழு அசைவு சிமுலேட்டரில் பெரும்பாலும் விமானத்தில் உள்ள அதே எஃப்எம்சி பெட்டியோ, அதே மென்பொருளின் மறுஏற்றமோ ஓடும். அதற்குத் தரப்படும் உணரிக் குறிப்புகள் மட்டும் செயற்கை. இதில் ஒரு சுவையான சிக்கல் உண்டு. பயிற்றுநர் விமானத்தை ஒரு நொடியில் 10 மைல் இறுதிப்பாதைக்கு நகர்த்தினால், நிஜ எஃப்எம்சி அதை உணரிக் கோளாறு என்று நினைத்து நிராகரிக்கும். நிறுத்தி வைப்பது, இடம் மாற்றுவது, ஐஆர்எஸ்ஸை வேகமாகச் சீரமைப்பது ஆகியவற்றை நிஜக் கருவி எப்படி ஏற்க வேண்டும் என்று ஏரிங்க் 610 என்ற தனி ஆவணமே இருக்கிறது. அங்கேயும் எஃப்எம்சி தரவு, நிலையங்களின் தரவு, காட்சித் தரவு மூன்றும் தனித்தனி. வீட்டில் வரும் பொருத்தமின்மை அங்கேயும் தலைகாட்டும்.

ஒரு விமான வகையைப் பறக்கத் தகுதி தரும் டைப் ரேட்டிங் இதில்தான் நடக்கும். வீட்டில் பறந்த நேரத்தை உரிமத்துக்கான கணக்கில் சேர்க்க முடியாது.

யாருக்கு எது

ஏ320 டைப் ரேட்டிங்குக்குப் போகப் போகிறவருக்கு என் பதில் தெளிவானது: ஃப்ளைபைவயரில் தொடங்குங்கள். இந்தியாவில் இண்டிகோவின் பெரும்பகுதி ஏ320 குடும்பம் என்பதால் பலருக்கும் இதுவே பொருந்தும். டேட்டா, இனிட் ஏ, ஃப்ளைட் பிளான், செகண்டரி, ரேட் நேவ், இனிட் பி, பெர்ஃப் என்ற எம்சிடியூ வரிசை விரலில் ஏறும்வரை காசு செலவழிக்க வேண்டியதில்லை. வரிசை பழகி, கோளாறுகளைப் பழக வேண்டிய கட்டம் வந்ததும் ஃபெனிக்ஸ் வாங்குவது நியாயம். ஆகாசா போல 737 பறக்கும் நிறுவனம் இலக்கு என்றால் எக்ஸ்-பிளேனில் ஸிபோ, அல்லது மைக்ரோசாஃப்டில் பிஎம்டிஜி. இரண்டும் 737 என்ஜி. ஆகாசா பறக்கும் மேக்ஸின் திரைகள் வேறு, எஃப்எம்சி பக்கங்கள் நெருங்கியவை. எந்த சிமுலேட்டர் என்று முடிவாகாதவர் எக்ஸ்-பிளேனின் இலவச டெமோவைப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு நேர வரம்பு உண்டு. ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கு மேல் ஓடாமல் இருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். மேலே சொன்ன சீரமைப்புச் சோதனைகளும் எஸ்ஐடி சோதனையும் அந்த இரண்டு மணிக்குள் அடங்கும்.

பொழுதுபோக்காகப் பறப்பவருக்குச் சிமுலேட்டரோடு வரும் விமானம் போதும் என்றே சொல்வேன். மைக்ரோசாஃப்ட் 2020-இன் 787-உம் 747-8-உம் 2023-இல் வொர்க்கிங் டைட்டில் குழுவின் கையில் திருந்திய பிறகு வழித்திட்ட வேலையை மதிப்போடு செய்கின்றன. எஃப்எஸ்எக்ஸ் காலத்து 737-இல் எஃப்எம்சியே கிடையாது, ஒரு சிறிய ஜிபிஎஸ் சாளரம்தான் மேலெழும் என்பதை நினைத்தால் இது பெரிய பயணம்.

நேவிகேஷன் என்ற கணக்கே புரிய வேண்டும் என்று விரும்பும் மாணவருக்கும் பொறியாளருக்கும் நான் ஏர்பஸ்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் ஃபெலிஸ் 747-200-க்குப் போக வேண்டும். ஒவ்வொரு புள்ளியின் அட்சத்தையும் தீர்க்கத்தையும் கையால் தட்டி, வடக்கா தெற்கா என்று சரிபார்த்து, மூன்று ஐஎன்எஸ்களும் விலகிப்போவதைக் கண்காணிக்கும்போது, நவீன எஃப்எம்சி மறைத்துவைத்த வேலை முழுதும் வெளியே வரும். ஆட்டோபைலட் திசைப் பிடிப்பில் இருக்கிறதா, ஐஎன்எஸ் பிடிப்பில் இருக்கிறதா என்பதையும் அது விடாமல் கேட்க வைக்கும். 1983 செப்டம்பர் 1 அன்று கொரியன் ஏர் லைன்ஸ் 007 சோவியத் வான்வெளிக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானம் ஐஎன்எஸ் பாதையைப் பிடிக்காமல் திசைப் பிடிப்பிலேயே மணிக்கணக்கில் பறந்தது என்பதே சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வந்தடைந்த முடிவு.

முழு அசைவு சிமுலேட்டரில் ஒரு மணி நேரம் கிடைத்தால், வீட்டில் செய்ய முடிந்ததை அங்கே செய்து அதை வீணாக்காதீர்கள். வழித்திட்டம் போடுவதை வீட்டிலேயே முடித்து, எழுதி எடுத்துப் போங்கள். பயிற்றுநரிடம் மூன்று கேளுங்கள்: உயரப் பறப்பில் இரண்டு ஜிபிஎஸ்ஸும் போக வேண்டும், இறங்கும்போது ஒரு ஐஆர்எஸ் விலக வேண்டும், கடைசியாக, வரைபடம் ஒரு மைல் பக்கவாட்டில் நகர்ந்த நிலையில் ஒரு ஐஎல்எஸ் அணுகல். மூன்றாவதை முதலில் கேட்டால் அதற்கே நேரம் போய்விடும், வரிசையை மாற்றாதீர்கள்.